கடாரம் கொண்டோம், கடலை விட்டோம்

தமிழ்மொழிக் கழக மேடைகளில் இராஜேந்திர சோழனுக்கு ஓய்வே கிடையாது. சொற்போர் என்றாலும் சரி, முத்தமிழ் விழா என்றாலும் சரி, யாராவது ஒருவர் ‘கடாரம் கொண்டான்’ என்று குரலை உயர்த்துவார், அரங்கம் கைதட்டும். 1025-ஆம் ஆண்டு சோழர் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. 2025-இல் அதற்கு ஆயிரம் ஆண்டு நிறைந்துவிட்டதால் கைதட்டலும் சற்றுக் கூடியிருக்கிறது. கெடாவில், பீடோங்கை ஒட்டிய தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சிறு சங்கடம் உண்டு. வெல்லப்பட்டது எங்கள் ஊர். எங்கள் ஊர் தோற்றதற்கு நாங்களே எழுந்து நின்று கைதட்டுகிறோம்!

அது கிடக்கட்டும். என் கேள்வி வேறு. அந்தக் கப்பல்களைச் செலுத்தியவர்கள் யார்? சோழ நாட்டுக் கரைக்கும் கெடாவுக்கும் இடையே நாள் கணக்கில் கரையே தெரியாத கடல் கிடக்கிறது. இரவில் எதைப் பார்த்தார்கள்? புயல் வந்தால் என்ன செய்தார்கள்? மெய்க்கீர்த்தி அரசனைப் பாடியது. சுக்கான் பிடித்தவனைப் பாடவில்லை. நாமும் அரசனை மட்டுமே எடுத்துக்கொண்டு மீகாமனை விட்டுவிட்டோம். கப்பலைப் பாதுகாப்பாகச் செலுத்தும் அறிவும், கடலில் ஆபத்து வந்தால் செய்யவேண்டியது பற்றிய அறிவும் மலேசியத் தமிழர்களாகிய நம் கல்விப் பேச்சில் எங்குமே இல்லை. இருந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எங்கள் தோட்டத்துப் பால்மரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்தால் குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர் உயரம். மழை வருமா வராதா என்று பார்ப்பதற்கும், திசை தெரியாத விருந்தாளிக்கு வழி சொல்வதற்கும்தான் அந்த மலை எங்களுக்குப் பயன்பட்டது. தமிழ்ப்பள்ளியில் வடக்கு, கிழக்கு என்று படித்தேன். புகுமுக வகுப்பைத் தாண்டி இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவையே ‘உத்தாரா’, ‘தீமூர்’ ஆயின. நிலநேர்க்கோடு ‘லாத்தித்தூட்’ ஆயிற்று. இரண்டு மொழியிலும் படித்தும், எங்கள் மலை ஒரு கடல் அடையாளம் என்று எந்த வகுப்பிலும் கேள்விப்பட்டதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகம் உருண்டை என்பதால், உயரமான பொருள்தான் தொலைவில் முதலில் கண்ணில் படும். 1,217 மீட்டர் உயரத்தின் உச்சி, வானம் தெளிவாக இருந்தால், கடல் மட்டத்தில் இருப்பவனுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியத் தொடங்கும். இன்னொன்று. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை ஏறத்தாழ வடக்கு 6 பாகையில் இருக்கிறது. ஜெராயும் ஏறத்தாழ அதே 6 பாகையில்தான். இலங்கையின் தென்முனையைக் கடந்து, கிழக்கு நோக்கி, அந்த உயரத்தை விட்டு விலகாமல் வந்தால், பெரிய நிக்கோபாருக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே உள்ள நீர்ப்பாதையில் நுழையலாம். அதற்கு இன்றைக்கும் ‘ஆறு பாகைக் கால்வாய்’ என்றே பெயர். அதைத் தாண்டினால் ஒரு நாள் ஜெராயின் தலை தெரியும். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்று முகத்துவாரம். உள்ளே பூஜாங் பள்ளத்தாக்கு. மரக்கலக்காரனுக்கு நெட்டாங்குக் கணக்கு தெரியாது. நில்லாத கடிகாரம் இல்லாமல் அது முடியாது. ஆனால் அகலாங்குக் கணக்கு தெரியும். இன்றைய வானில் துருவ நட்சத்திரம் கெடாவில் அடிவானத்துக்கு மேல் ஆறு பாகையில், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று நான்கு விரல் உயரத்தில் நிற்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்த நட்சத்திரம் இன்றுபோல் துருவத்தை ஒட்டி நிற்கவில்லை. ஆகவே அன்றைய கணக்கு இன்னும் கடினம். அந்தக் கடினமான கணக்கைத் தெரிந்தவன்தான் கப்பலை இங்கே கொண்டு வந்து சேர்த்தான். காற்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கரையோரத் தமிழர் இன்றும் சொல்லும் பெயர்களில் திசை இருக்கிறது. நமக்கோ ‘காத்து அடிக்குது’ என்பதோடு முடிந்தது.

கடாரத்துக்கு வந்த மாலுமிகளில் ஒருவனின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1834-இல் ஜேம்ஸ் லோ என்பவர் செபராங் பிறையில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். செபராங் பிறை 1800 வரை கெடாவின் பகுதியே. அந்தக் கல்லில் புத்தகுப்தன் என்னும் மகாநாவிகன், அதாவது பெருமாலுமி, தன் பயணம் நல்லபடி நிறைவேற வேண்டும் என்று வேண்டியிருக்கிறான். காலம் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டு. கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். அவன் தமிழன் அல்லன், வங்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் நம் மேடைகளில் அவனுக்கு இடமில்லை போலும். ஆனால் அந்தக் கல்லில் இருப்பது வெற்றி முழக்கம் அல்ல. பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்ற கவலை. எனக்கு அவனைத்தான் பிடித்திருக்கிறது.

சொல்லளவில் பார்த்தாலும் நம் முன்னோர் பாதுகாப்பைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள். ‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லைக் ‘கலங்கு அரை’ என்று பிரித்துப் பொருள் தேடுகிறவர்களை நம் வளாகத்திலேயே கண்டிருக்கிறேன். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கப்பலை ‘இங்கே வா’ என்று அழைக்கும் விளக்கு. இரவில் துறையை நோக்கிக் கலங்களை அழைக்கும் அப்படிப்பட்ட மாடத்தைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

பிறகு என்ன நடந்தது? சுருக்கமாகச் சொன்னால், நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறினார்கள், கப்பலோட்டவில்லை. கெடாத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டு உழவர்கள். கடலை முதன்முதலாகப் பார்த்ததே நாகப்பட்டினத்தில் கப்பலேறும் நாளில்தான். என் பாட்டி சிறுமியாக ரஜூலா கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தமிழர்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் சுமந்தது. பாட்டிக்கு நினைவிருப்பவை மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்தது, வாந்தி, பருப்புச் சோறு, பினாங்கு வந்ததும் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்துச் சோதித்தது. “கப்பல் முழுகினா என்ன செய்யணும்னு யாராவது சொன்னாங்களா பாட்டி?” என்று கேட்டேன். “முழுகினா முழுக வேண்டியதுதான், வேற என்ன?” என்றார். இதைத் துணிச்சல் என்று சிலர் பாராட்டலாம். கையில் எந்தத் தகவலும் கொடுக்கப்படாத ஒருவரின் பதில் என்றே எனக்குப் படுகிறது.

ரஜூலாவுக்குப் பின் வந்தது எம்.வி. சிதம்பரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டார்கள். நம் பெற்றோர் தலைமுறைக்கு அது செய்தி. நம் தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாது. வ.உ.சி.யின் 1906-ஆம் ஆண்டுக் கப்பல் நிறுவனத்தைப் பற்றிப் பாட்டுப் போட்டி நடத்துகிறோம். சிதம்பரம் கப்பலில் மாண்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரை கூட நம் இதழ்களில் நான் கண்டதில்லை.

இனி, இன்றைய கப்பல் அதிகாரியின் வேலைக்கு வருவோம். இப்போதெல்லாம் செயற்கைக்கோள் வழிகாட்டுகிறதே, அதிகாரிக்கு என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். செயற்கைக்கோள் நீ எங்கிருக்கிறாய் என்று சொல்லும். எதிரே வருபவன் என்ன செய்யப் போகிறான் என்று சொல்லாது. அதற்குத்தான் 1972-ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தடுப்பு விதிகள் இருக்கின்றன. எளிமையானவை, ஆனால் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டியவை. இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இரு இயந்திரக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவனுடைய வலப்பக்கத்தில் மற்றவன் தெரிகிறானோ அவன்தான் வழிவிட வேண்டும். அப்போது அவன் கண்ணுக்குத் தெரிவது மற்றவனின் சிவப்பு விளக்கு என்பதால் மறக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 5-ஆம் விதி: கண்ணாலும் காதாலும், கைவசமுள்ள எல்லா வழிகளாலும் எப்போதும் கண்காணித்துக்கொண்டே இரு. நிறக்குருடு உள்ளவரைக் கப்பல் மேடைப் பணிக்கு எடுக்காததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இந்த அறிவு எங்கோ அட்லாண்டிக்கில் தேவைப்படுவது என்று எண்ண வேண்டாம். மலாக்கா நீரிணையில் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் போய் வருகின்றன. போகிறவர்களுக்கு ஒரு பாதை, வருகிறவர்களுக்கு ஒரு பாதை என்று நெடுஞ்சாலைபோலப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்கு அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது விதி. முந்நூறு மீட்டர் நீளக் கப்பலுக்குக் கீழே ஒரு மாடி வீட்டின் உயரத்துக்கே தண்ணீர்! ஓதம் தெரியாதவன், வரைபடம் படிக்கத் தெரியாதவன் அங்கே என்ன செய்வான்?

2017 ஆகஸ்டு 21 விடியற்காலை. அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலை நெருங்கியது. உலகின் விலையுயர்ந்த கருவிகள் அனைத்தும் அதில் இருந்தன. சுக்கான் கட்டுப்பாட்டையும் வேகக் கட்டுப்பாட்டையும் இருவருக்குப் பிரித்துக் கொடுக்க முயன்றபோது, தொடுதிரையில் கட்டுப்பாடு தவறுதலாக வேறொரு மேசைக்குப் போய்விட்டது. சுக்கான் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள். கப்பல் இடப்பக்கமாகத் திரும்பி, ஆல்னிக் எம்.சி. என்னும் எண்ணெய்க் கப்பலின் முன்னால் போய் விழுந்தது. 10 மாலுமிகள் இறந்தனர். கருவி கெடவில்லை. கருவியைக் கையாள்பவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதே விசாரணையில் வெளிவந்தது.

கப்பல் மேடையில் ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி ஒரு கட்டளை இடுவார். சுக்கான் பிடிப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார்; பிறகு செய்வார்; செய்து முடித்ததும் முடித்தேன் என்று மறுபடி சொல்வார். ஒரு சொல் தவறிக் கேட்டாலும் உடனே பிடிபட்டுவிடும். ஆசிரியர் சொல்ல நாம் திருப்பிச் சொன்ன வாய்பாடுதான் இது. தமிழ்ப்பள்ளிக்காரர்களுக்குப் பழகிய முறை! இதற்கென்றே அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2001-இல் எளிய ஆங்கிலத் தொடர்களின் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. கவிதை எழுதும் ஆங்கிலம் வேண்டாம். பிசகாத ஆங்கிலம் போதும். ஆங்கிலம் சரளமாக வராது என்று ஒதுங்கும் நம் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிவு இல்லாததற்குக் கெடா கொடுத்த விலை ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26. சுமத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டபோது மலேசிய நேரம் காலை 8.58. ஆழிப்பேரலை நம் கரையைத் தொட்டது நண்பகலுக்குப் பின்னர். இடையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்! அந்த நான்கு மணி நேரத்தில் கோத்தா கோலமூடாவில் மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். பினாங்குக் கடற்கரையில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கான ஏற்பாடே அப்போது இந்துமாக் கடலில் இல்லை. நாட்டில் 68 பேர் மாண்டனர். அவர்களில் 12 பேர் கெடாவில். நான் அப்போது கைக்குழந்தை. உடைந்த படகுகளை அடுக்கி அங்கே ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாதே, மேட்டுக்கு ஓடு என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பேரிடருக்குப் பின் நாட்டில் எச்சரிக்கை முறையும் கடலோரச் சங்குகளும் வந்தன. சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரிந்தால்தானே அவற்றால் பயன்?

அதற்கு முன் 1988 ஜூலை 31. பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் கூட்டம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அன்று புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவும் பினாங்கில் சீனர்களின் பெருவிழாவும் ஒன்றாக வந்தன. 32 பேர் மாண்டனர். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். கப்பல் நகரவே இல்லை. கடற்பயணப் பாதுகாப்பு என்பது துறையில் வரிசை நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. 2007 அக்டோபரில் தியோமான் தீவுக்கருகே ஒரு விரைவுப் படகு தீப்பற்றியபோது பயணிகள் கடலில் குதித்தார்கள். அங்கும் உயிர்கள் போயின.

நம் வயதுக்காரர்களை நினைத்தால் நெஞ்சை அடைக்கும் சம்பவம் தென்கொரியாவின் செவோல். 2014 ஏப்ரல் 16 அன்று 476 பேருடன் போன அந்தக் கப்பல் சாய்ந்தது. அளவுக்கு மீறிய சரக்கு, சரியாகக் கட்டப்படாத சரக்கு. பள்ளிச் சுற்றுலா போன மாணவர்களிடம் ‘இருந்த இடத்திலேயே இருங்கள்’ என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. பிள்ளைகள் சொன்ன சொல் கேட்டு இருந்தார்கள். கப்பல் தலைவர் வெளியேறிவிட்டார். 304 பேர் மாண்டனர். அவர்களில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள். கீழ்ப்படிதல் நல்ல பண்புதான். ஆனால் கட்டளை இடுபவனுக்கு வேலை தெரியவில்லை என்றால் அதே கீழ்ப்படிதல் ஆளைக் கொல்லும். அதனால்தான் கப்பல் அதிகாரியின் அறிவு, பயணியின் அறிவு இரண்டுமே வேண்டும் என்கிறேன். ஒன்று தவறினால் மற்றொன்று காப்பாற்றக்கூடும்.

இத்தாலியின் கோஸ்டா கொன்கோர்டியா 2012 ஜனவரியில் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் ஏறியவர்களில் பலருக்கு அவசரக்கால ஒத்திகை நடந்திருக்கவில்லை. அன்றைய விதி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. அதன் பிறகே, அனைத்துலகப் பயணிக் கப்பல்களில் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள். 2015-இல் நடைமுறைக்கு வந்தது. டைட்டானிக் 1912-இல் மூழ்கியதால்தான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் அனைத்துலக உடன்பாடு 1914-இல் வந்தது. கடல் விதிகளில் பாதி, யாரோ செத்த பிறகு எழுதப்பட்டவை.

இப்போது நம் வீட்டுப் படகுக்கு வருவோம். கோல கெடாவிலிருந்தும் கோல பெர்லிசிலிருந்தும் லங்காவி போகாத கெடாத் தமிழ்க் குடும்பம் குறைவு. சாக்லேட், பாத்திரம், போர்வை வாங்கப் போவோம். அண்மையில் குடும்பத்தோடு ஒரு தீவுப் பயணம் போனபோது படகில் பாதுகாப்புப் படம் ஓடியது, மலாயிலும் ஆங்கிலத்திலும். பாட்டிக்கு இரண்டும் புரியாது. எனக்குப் பின்வரிசையில் இருந்த தமிழர் கூட்டம் படம் ஓடி முடியும்வரை முறுக்குப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தது. படகுக்காரர்களைக் குறை கூறிப் பயனில்லை. நாட்டில் எல்லா அறிவிப்பும் அப்படித்தான். தமிழில் வேண்டுமென்றால் தமிழில் எழுதித் தரும் கடமை யாருடையது? தமிழ் படித்தவர்கள் என்று ஆண்டுதோறும் மலர் வெளியிடும் நம்முடையது அல்லவா?

அடுத்தது வேலை. எங்கள் இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர் வைத்த பட்டியலில் மருத்துவம், பொறியியல், ஆசிரியர் பயிற்சி, தாதிமை எல்லாம் இருந்தன. கப்பல் என்ற சொல் இல்லை. மலாக்கா கோல சுங்கை பாருவில் மலேசியக் கடல் கல்விக்கழகம் இருக்கிறது என்பதையும், திரெங்கானுப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் படிப்புகள் இருக்கின்றன என்பதையும் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே அறிந்தேன். கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி, நல்ல கண்பார்வை. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியோடு சேர்த்துக் குறைந்தது 12 மாதக் கடல் அனுபவம். பிறகு தேர்வு, சான்றிதழ். தீயணைப்பு, நீரில் உயிர்பிழைத்தல், முதலுதவி ஆகிய அடிப்படைப் பயிற்சி இல்லாமல் கப்பலில் கால் வைக்கவே முடியாது. படிப்படியாகக் கப்பல் தலைவர் வரை உயரலாம். இந்த ஏணியில் தோட்டப்புறப் பிள்ளை ஏற முடியாத படி எது? எனக்குத் தெரிந்து, முதற்படி மட்டுமே. அப்படி ஒரு வேலை இருப்பதை அறிவது.

பெற்றோர் சொல்லும் தடை எனக்குத் தெரியும். கடல் ஆபத்து, மாதக் கணக்கில் வீட்டுக்கு வரமுடியாது, குடிப்பழக்கம் வந்துவிடும். இவற்றில் இரண்டாவதை மறுக்க மாட்டேன். அது உண்மையிலேயே பெரிய விலை. தாய் தகப்பன் சாவுக்கே வரமுடியாமல் போகலாம். ஆனால் ஆபத்து என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் அண்ணன்மார் சுங்கைப்பட்டாணியிலிருந்து பினாங்குத் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார்களே, அதை யாரும் ஆபத்து என்று சொல்லி நிறுத்துவதில்லையே? கப்பலில் ஓய்வு நேரத்துக்குக்கூட விதி இருக்கிறது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. தொழிற்சாலையில் இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு மழையில் பாலம் ஏறுகிறவனுக்கு யார் அந்த விதியை எழுதினார்கள்?

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2021-இல் வெளிவந்த உலகளாவிய கணக்கெடுப்பின்படி கடலோடிகளில் பெண்கள் 1.28 விழுக்காடு மட்டுமே. மே 18-ஐக் கடல்துறைப் பெண்கள் நாள் என்று 2022 முதல் கொண்டாடுகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பு நெளியும் நிரையில் பால் வெட்டிய பெண்களின் பேத்திகள் நாம். இரவுக் காவல் நமக்குப் புதிதா?

மாணவ நண்பர்களே, மறு ஆண்டு முத்தமிழ் விழாவில் புதிர்ப்போட்டி வைக்கும்போது, இராஜேந்திரன் கடாரத்தை வென்ற ஆண்டு எது என்று கேட்பதோடு, கப்பலில் பொது அபாய ஒலி எப்படி ஒலிக்கும் என்றும் ஒரு கேள்வி சேர்க்கச் செயலவையைக் கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், படகுத்துறைகளில் ஒட்டுவதற்கென்று ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதத் தொடங்கியிருக்கிறேன். வரைவு இதோ:

“படகில் அமர்ந்ததும் உங்கள் இருக்கையிலிருந்து இரண்டு வாசல்களுக்கு எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள், புகையில் கண் தெரியாது, கை எண்ணிக்கை உதவும். உயிர்காப்புச் சட்டை எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சிறிய அளவு உண்டா என்றும் கேளுங்கள். ஏழு முறை குறுகியும் ஒரு முறை நீண்டும் ஒலி கேட்டால் அது அபாய அறிவிப்பு. பைகளை விட்டுவிடுங்கள். சட்டையை அணிந்து வாரை இறுக்குங்கள். காற்றடைக்கும் வகையாக இருந்தால் படகின் உள்ளே இருக்கும்போது அதை ஊத வேண்டாம். பணியாளர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் படகு சாய்கிறது, தண்ணீர் வருகிறது என்றால் வெளித்தளத்துக்கு வந்துவிடுங்கள். எல்லாரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். குதிப்பது கடைசி வழி. குதித்தால் ஒரு கையால் மூக்கையும் மறு கையால் சட்டையையும் பிடித்துக்கொண்டு, கால் முதலில் நீரில் படும்படி குதியுங்கள். நீரில் தனித்தனியே நீந்திப் போகாமல் ஒன்றாகச் சேர்ந்து, பிள்ளைகளை நடுவில் வைத்து மிதந்திருங்கள். கரையிலிருந்து பார்ப்பவர் 999-ஐ அழைத்து, படகின் பெயர், இடம், எத்தனை பேர் என்பதைச் சொல்லுங்கள்.”

பாட்டியிடம் படித்துக் காட்டினேன். ‘அபாய அறிவிப்பு’ புரிகிறது, ‘வெளித்தளம்’ புரியவில்லை, ‘மேல்தட்டு’ என்று எழுது என்றார். ரஜூலாவில் அப்படித்தான் சொல்வார்களாம். மாற்றப் போகிறேன். கப்பலிலோ துறைமுகத்திலோ கடல்துறை அலுவலகத்திலோ பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், சொல்லிலோ முறையிலோ திருத்தம் இருப்பின் கழகத்துக்கு எழுதியனுப்புங்கள். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்குள் அச்சடித்துவிட எண்ணம்.